பழைய காரின் விசிறிப் பட்டை: இடைவெளி தரும் பாடம்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை அம்பாசிடர் கார் உற்பத்தி செய்யப்பட்டது. நீண்ட காலம் அதில் இடம்பெற்றது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினாகும். உற்பத்தி நின்றுவிட்ட போதிலும், அவ்வண்டிகளை இயங்கும் நிலையில் வைத்திருப்போர் இன்றும் உள்ளனர். அவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் குறைபாடு, ‘ஃபேன் பெல்ட்’ எனப்படும் விசிறிப் பட்டையும் கப்பிகளும் ஒன்றோடொன்று சரிவரப் பொருந்தாமையாகும்.

பட்டையின் பணி

கிராங்க் தண்டின் முனையிலுள்ள கப்பியிலிருந்து புறப்படும் ஒரே பட்டை, நீர்ப்பம்பையும் விசிறியையும் டைனமோவையும் சுழற்றுகிறது. பட்டை அறுந்தால் மின்கலத்திற்கு மின்னேற்றம் நிற்கிறது. குளிர்நீர் ஓட்டமும் நிற்கிறது. அதன் பிறகும் வண்டியை ஓட்டினால் எஞ்சின் அளவுமீறிச் சூடேறி, சிலிண்டர் தலைப்பகுதியே பழுதடையக்கூடும். சிறு பொருளின் குறை பெருஞ்செலவாக மாறுவது இவ்வாறே.

காடிக்குள் இருக்க வேண்டிய இடைவெளி

இப்பட்டை ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவுடையது. பட்டையின் பக்கங்களே காடியின் சுவர்களைப் பற்ற வேண்டும். அதன் அடிப்பாகம் காடியின் அடித்தளத்தைத் தொடலாகாது. காடியின் கோணம் 38 பாகையாயின், ஆப்புப்போல் பதியும் பட்டையின் பற்றும் திறன் தட்டைப் பட்டையின் திறனைவிட ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. பட்டை அடித்தளத்தைத் தொட்டுவிட்டால் இந்த நன்மை அற்றுப்போகிறது.

தேய்ந்த கப்பியில் பட்டை உள்ளே அமிழ்கிறது. அடித்தளம் பளபளப்பாகத் தோன்றுவது இதன் அடையாளம். இந்நிலையில் பட்டையை மேலும் இறுக்குவதால் பயனில்லை. பம்பு, டைனமோ ஆகியவற்றின் தாங்கிகளே கெடும். கப்பியை மாற்றுவதே முறை.

நேர்க்கோட்டு அமைப்பு

கப்பிகள் மூன்றும் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். கிராங்க் கப்பியின் முகத்தில் நேரான சட்டத்தையோ இறுக்கிய நூலையோ வைத்து, மற்றக் கப்பிகளின் காடிகள் அதே கோட்டில் உள்ளனவா என அளந்தறியலாம். முகப்பு விளிம்புகளின் தடிமன் வேறுபடுமாதலால், காடியின் நடுக்கோட்டையே கணக்கில் கொள்ளுதல் நலம். விலகல் அரைப் பாகைக்குள், அதாவது 300 மில்லிமீட்டர் தொலைவிற்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டருக்குள் இருக்கலாம்.

டைனமோவை அகற்றி ஆல்டர்னேட்டரைப் பொருத்தும்போது இவ்விலகல் பெரும்பாலும் தோன்றுகிறது. தாங்குசட்டத்தில் தக்க தடிமனுள்ள வளையத் தகடுகளைச் சேர்த்து இதனைச் சரிசெய்யலாம். கப்பியின் பின்புறத்தில் தகடு சேர்ப்பதாயின், தண்டின் மறை முழுமையாகப் பற்றுகிறதா என்று பார்த்தல் இன்றியமையாதது. கப்பியைக் கடைசல் இயந்திரத்தில் குறைப்பதோ அதன் சுவரை வலுவிழக்கச் செய்யும்.

கப்பியின் அளவு மாறினால் பட்டையின் நீளமும் மாறும். பட்டை கப்பியின் பாதிச் சுற்றைத் தழுவுவதாகக் கொண்டால், விட்டம் 10 மில்லிமீட்டர் குறையும்போது தேவையான நீளம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் குறைகிறது. சுழற்சி வேகமும் மாறும்: 120 மில்லிமீட்டர் கப்பி 3000 முறை சுழலும்போது 80 மில்லிமீட்டர் கப்பி 4500 முறை சுழலும்.

விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே

எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் தளர்ந்து அமிழ்ந்தால், விசிறி ரேடியேட்டரை நெருங்குகிறது. திடீரெனத் தடையிடும்போது எஞ்சின் முன்னோக்கி அசைவதால், நின்ற நிலையில் காணும் இடைவெளி மட்டும் போதாது. எனவே முதலில் ரப்பர்த் தாங்கிகளைச் சோதித்த பின்னரே கப்பியில் கைவைக்க வேண்டும். காரணத்தை அறியாது விளைவைத் திருத்துவது வீண்செலவாகும்.

இறுதியாக, நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தும்போது பட்டை ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் தாழ்வது சரியான இறுக்கமாகும். புதுப்பட்டை சிறிது நேரம் ஓடியபின் தளரும். மீண்டும் சரிபார்த்தல் தேவை.

பொருளாதாரப் பயன்

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்வதற்கு 2021இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. எஞ்சினில் பெருமாற்றம் செய்யப்படாமை அவற்றுள் ஒரு நிபந்தனையாகும். ஆகவே வெட்டியும் ஒட்டியும் பொருத்துவதைவிட அளந்து பொருத்தும் திறனே மதிப்புடையது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்திறன் பயிலப்படுமாயின், உதிரி பாகங்களின் விரயம் குறையும். சிறு பட்டறைத் தொழிலாளியின் உழைப்பும் உரிய ஊதியம் பெறும். புதிதாக ஆக்குவது மட்டுமன்று, உள்ளதைப் பேணுவதும் நாட்டின் செல்வத்தைப் பெருக்கும் வழியேயாகும்.