தேக்கா சந்தையில் ஓர் உயிரியல் பாடம்

பிள்ளைகளுக்கு விலங்கினப் பிரிவுகளைச் சொல்லித்தரப் படஅட்டைகளைத் தேடி அலைய வேண்டாம். தேக்கா ஈரச்சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போது கூடவே அழைத்துச் சென்றால் போதும்.

முதல் கேள்வி ஒன்றே: "இதற்கு முதுகெலும்பு இருக்கிறதா?" வஞ்சிரத்துக்கு உண்டு, வெட்டிய துண்டின் நடுவிலேயே அது தெரியும். இறாலுக்கும் நண்டுக்கும் உள்ளே எலும்பே இல்லை, வெளியே ஓடுதான். கணுக்கணுவான கால்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், கரப்பான்பூச்சியின் கால்களும் இப்படித்தானே என்று பிள்ளையே கேட்கக்கூடும். ஆம், மூன்றும் கணுக்காலிகள். கணவாய்க்கு வெளி ஓடும் இல்லை, கணுவும் இல்லை. அது நத்தை, சிப்பியோடு சேரும் மெல்லுடலி.

ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பிரிவுகள் தாராளம்.

வாழும் இடத்தை வைத்துப் பிரிக்கும்போதுதான் குழந்தைகள் குழம்புகிறார்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்கா ஆற்றில் நீர்நாயும் நீந்துகிறது, உடும்பும் நீந்துகிறது. ரோமமும் தாய்ப்பாலும் நீர்நாயைப் பாலூட்டி என்று காட்டும். செதில் உடும்பை ஊர்வன என்று காட்டும். (எட்ட நின்றே பார்க்க வேண்டும், குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் கடிக்கலாம்.)

அடுத்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். 2015இல் ஜூரோங் தீவருகே இறந்து மிதந்த 10.6 மீட்டர் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. மீன்போல் தோன்றும் அந்தப் பாலூட்டியின் துடுப்புக்குள் விரல் எலும்புகள் உண்டு. பிள்ளை தன் கையை விரித்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.