நெட்வொர்க் செக்யூரிட்டி செமினார்: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

கேள்வி: எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். நெட்வொர்க் செக்யூரிட்டி செமினாருக்கு வாரம் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போய் விவாதிக்க வேண்டும். வரிக்கு வரி படித்தும் வகுப்பில் பேச எதுவும் தோன்றுவதில்லை. 'ஹேக்கிங் டூல்களைக் கற்றுக்கொள், வேலைக்கு அதுதான் உதவும்' என்கிறார்கள் நண்பர்கள். நான் என்ன செய்ய?

- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: டூல்களைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். இப்போது எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே கேள்வியோடு படியுங்கள்: இந்த அமைப்பு யாரை, எதை வைத்து நம்புகிறது?

டி.சி.பி./ஐ.பி.யின் பாதுகாப்புக் குறைகள் பற்றி ஸ்டீவன் பெல்லோவின் 1989-ல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அன்றைய யூனிக்ஸ் கணினிகளில் சில சேவைகள் ஐ.பி. முகவரியை மட்டும் பார்த்து ஆளை உள்ளே விட்டன. இணைப்பின் தொடக்க வரிசை எண்ணோ, நொடிக்கு ஒரு குறிப்பிட்ட அளவும், புது இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அதில் பாதியும் கூடியது. ஆகவே அடுத்த எண்ணை ஊகிக்க முடிந்தது. பதில் பாக்கெட் கைக்கு வராமலேயே வேறொரு கணினியின் பெயரில் பேசவும் முடிந்தது. இந்த ஓட்டையை ராபர்ட் மோரிஸ் 1985-லேயே காட்டியிருந்தார். அப்படியும் 1994 கிறிஸ்துமஸ் அன்று கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகளுக்குள் இதே வழியில்தான் நுழைந்தார்கள்.

அடுத்து, டான் காமின்ஸ்கி 2008-ல் வெளிப்படுத்திய டி.என்.எஸ். குறை. வந்த பதில் உண்மையானதா என்று பார்க்க டி.என்.எஸ். சர்வர் பெரிதும் நம்பியிருந்தது 16 பிட் எண் ஒன்றை. அதாவது 65,536 வாய்ப்புகள். இல்லாத பெயர்களை அடுத்தடுத்துக் கேட்கவைத்தால், ஒவ்வொரு முறையும் போலிப் பதிலை நுழைக்கப் புது வாய்ப்பு கிடைக்கும் என்று அவர் காட்டினார். போர்ட் எண்ணையும் ஊகிக்க முடியாதபடி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அன்று கொடுத்த தீர்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஊகிக்கக்கூடிய எண்ணை நம்பிய அதே தவறு, ஏறக்குறைய 20 ஆண்டு இடைவெளியில். வகுப்பில் பேச இதுவே போதும்.

கட்டுரையை மூடியதும் மூன்று வரி எழுதுங்கள்: தாக்குபவருக்கு என்னென்ன முடியும் என்று ஆசிரியர் வைத்துக்கொண்டார்? அதில் எது மாறினால் முடிவு தவறும்? தீர்வுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது? முதல் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், அந்தக் கட்டுரையை இன்னொரு முறை படியுங்கள்.

வாரம் ஒரு மாலை செய்முறைக்கு ஒதுக்குங்கள். உங்கள் லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை வெளி இணைப்பு இல்லாமல் ஒன்றோடொன்று இணைத்து, டி.சி.பி.யின் முதல் மூன்று பாக்கெட்டுகளை வயர்ஷார்க்கில் பாருங்கள். படித்த வரிசை எண் கண்முன் தெரியும்.

கல்லூரி நெட்வொர்க்கில் மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். அனுமதியின்றி நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவின்படி இழப்பீடு கொடுக்க நேரிடும். அதில் மோசடி நோக்கமும் இருந்தால், 66-ம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகே எந்தச் சோதனையையும் தொடங்குங்கள்.