32 கிலோபைட்டில் ஒரு பாடம்

1984-இல் தொடங்கிய நடுவண் அரசின் ‘கிளாஸ்’ திட்டம் பள்ளிகளுக்குத் தந்த கணினி, பிபிசி மைக்ரோ. அதில் ஒன்றை டி. கல்லுப்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் சீர்செய்தேன். மின்வழங்கியைத் திறப்பது மட்டும் என் வேலை. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதில் மின்னூட்டம் தங்கும். வெடிப்பு விட்ட வடிகட்டி மின்தேக்கிகளை மாற்றாமல் சுவிட்சைப் போட்டால் புகைதான் வரும். விசைப்பலகையைத் துடைத்துப் பொருத்தியவர்கள் மாணவர்கள்.

மொத்த நினைவகமே 32 கிலோபைட். ‘மோடு 0’ திரைக்கு மட்டும் 20 போய்விடும். எழுத்து காட்டும் ‘மோடு 7’க்கு 1 போதும். இடமில்லை என்று நிரல் நின்றபோது, “மோடை மாத்திப் பாக்கலாமா சார்?” என்றாள் ஒரு மாணவி. ஓடியது. கரும்பலகையில் இரண்டு பாடவேளை விளக்கியும் பிடிபடாத நினைவகப் பங்கீடு அது!

கேசட்டில் சேமிப்பது பாக்கி. அதற்கான ஏழு ஊசி வயரை மதுரைக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம்.