ஒரு செம்மறிக் குட்டியும் நாற்பது பக்கக் கொப்பியும்

தலவில அன்னம்மாள் தேவாலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவில் கடை போடுவது வாப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் வழக்கம். 2023 திருவிழாவின்போது, அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கையின் மகன் கடைக்கு வந்தான். பத்தாம் தரம் படிக்கிறான். விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும் ஒரு பாடமாம். "மாமா, எனக்கும் ஒரு வியாபாரம் பழக்கித் தாங்க" என்றான்.

கடையில் நிறுத்திச் சில்லறை எண்ண விட்டிருக்கலாம். ஆனால் வேறொரு யோசனை வந்தது. அமெரிக்காவில் 'போர் எச்' என்றொரு சிறுவர் கழகம் இருக்கிறது. 1902இல் ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற கல்வி அதிகாரி தொடங்கிய சிறுவர் கழகம் அதற்கு வித்திட்டது. தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்ற நான்குக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தே அந்தப் பெயர். அங்கே பிள்ளைகள் ஒரு செம்மறிக் குட்டியை வாங்கி, நிறுத்து, வளர்த்து, செலவையெல்லாம் பதிவேட்டில் எழுதி, சந்தைக் கண்காட்சிக்குக் கொண்டு போவார்கள். நடுவர் முதுகையும் இடுப்பையும் கையால் அழுத்திச் சதையையும் கொழுப்பையும் கணிப்பார். பிறகு ஏலம். ஊர் வியாபாரிகள் சந்தை விலையை விடக் கூட்டிக் கேட்டுப் பிள்ளைகளை ஊக்குவிப்பார்களாம்.

நம்மிடம் அந்த ஏலம் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் இருக்கிறது. உழ்ஹிய்யாவுக்கு ஆடு தேடி புத்தளம் வியாபாரிகள் கிராமம் கிராமமாக அலைவது உங்களுக்குத் தெரியும். நம் ஷாபிஈ மத்ஹபின்படி வெள்ளாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டும். செம்மறிக்கு ஒரு வயது போதும். முதல் போடுகிறவனுக்கு இது பெரிய வித்தியாசம். வெள்ளாட்டில் முடங்கும் பணம் செம்மறியில் பாதிக் காலத்தில் திரும்பி வரும்.

தென்னந்தோப்பில் செம்மறி வளர்க்கும் ஒரு கத்தோலிக்க அம்மாவிடம் மூன்று மாதக் கிடாய்க் குட்டி ஒன்றை 12,000 ரூபாவுக்கு வாங்கினான். எடை 9 கிலோ. பணம் அவனுடைய சேமிப்பு. நான் கொடுத்தது ஒரு நாற்பது பக்கக் கொப்பியும், பழைய தொங்கு தராசும் மட்டுந்தான். குட்டியைச் சாக்கில் கட்டித் தூக்கி மாதம் ஒரு முறை நிறுக்க வேண்டும், ஒரு ரூபா செலவானாலும் எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

அத்துடன் மூன்று விடயங்களைச் சொல்லி வைத்தேன். கல்யாண வீட்டில் மிஞ்சும் சோற்றைக் கொட்டக் கூடாது. பழக்கமில்லாத வயிற்றில் அது புளித்து ஒரே இரவில் ஆட்டைக் கொன்று விடும். வெங்காயத் தோட்டத்தில் மருந்தடித்த வரம்புப் புல்லை அறுக்கக் கூடாது. மாட்டுக்கு விற்கும் தாது உப்பை வைக்கக் கூடாது. அதிலுள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சாகும். நாலாவதாகவும் ஒன்று சொன்னேன். அந்த அம்மாவின் மந்தையும் அதே தோப்பில் மேய்வதால் குட்டி கலந்து விடும் என்று, "காதில் ஒரு குறி வெட்டி விடு மகன்" என்றேன். அந்தப் பக்கத்தில் பலரும் செய்வதுதான். இடது காதின் ஓரத்தில் விரல் நகமளவு வெட்டினார்கள்.

டிசம்பர் கடைசியில் எடை 17 கிலோ. ஒக்டோபர் மழையோடு புல் கிடைத்தது, குட்டி ஏறியது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரட்சி. கல்பிட்டி மணலில் பச்சையைக் காண முடியவில்லை. கிளிரிசிடியா இலைக்கும் காசு, தேங்காய்ப் புண்ணாக்கும் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தான். அந்த மூன்று மாதத்தில் 4,800 ரூபா செலவு, ஏறியது 2 கிலோ. அதாவது ஒரு கிலோ ஏற்ற 2,400 ரூபா. உயிர் எடைக்கு அப்போது கிலோ 1,200 ரூபாதான் கிடைக்கும் என்று அவனே பக்கத்தில் எழுதியிருந்தான். பெருநாள் வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. 2033 அளவில் மார்ச் மாதத்துக்கு வந்து விடும். ஆடு கொழுக்க வேண்டிய கடைசி மாதங்கள் அப்போது சரியாக வரட்சியில் விழும். இதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் தீவனத்தை இப்போதே யோசித்துக் கொள்ளட்டும்.

ஏப்ரல் மழைக்குப் பிறகு குட்டி தேறியது. மே மாதத்தில் புத்தளத்து ஆட்டு வியாபாரி ஒருவர் தொலைபேசியிலேயே 48,000 ரூபா பேசினார். மொத்தச் செலவு 28,500. இலாபம் 19,500 என்று பையன் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டு விட்டான்.

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஜும்ஆவில் மௌலவி உழ்ஹிய்யா பிராணியின் குறைகளைச் சொன்னார். குருடு, நொண்டி, நோய், மெலிவு. அத்துடன், காதில் ஒரு துண்டு வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும் கூடாது. துளை இருந்தாலோ, துண்டு போகாமல் கிழிந்திருந்தாலோ பாதகமில்லை. பையன் பள்ளியிலிருந்து நேராக எனக்கு அழைத்தான். "மாமா, நம்மட ஆட்டின்ட காது."

உண்மையைச் சொல்லி விடுகிறேன். நான் உடனே சொன்னது, "பேசாம இரு மகன். வாங்க வாறவர் பார்த்து வாங்கட்டும்" என்பதுதான். முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவனின் வாய் அது. குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! மறுமுனையில் அவன் ஒன்றும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து அவனே அந்த வியாபாரிக்கு அழைத்துச் சொல்லி விட்டானாம். அவர் கோபிக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் தன்னிடம் வாங்குகிறவரின் குர்பான் அல்லவா வீணாகியிருக்கும் என்றாராம். இறைச்சிக்கு எடுத்துக் கொள்வதாகச் சொல்லி, வந்து நிறுத்தார். 25 கிலோ, 30,000 ரூபா.

இலாபம் 1,500. பத்து மாதம், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் முந்நூறு மணி. மணிக்கு 5 ரூபா. 48,000க்கு விற்றிருந்தாலும் மணிக்கு 65தான் என்பதையும் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டாரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கிறோம்?

கொப்பியோடு வந்தவன் இரண்டு கேள்வி கேட்டான். முதலாவது: "கிடுகு, வாளி, கயிறுக்குப் போட்ட 3,000 அடுத்த குட்டிக்கும் பாவிக்கும்தானே. ஏன் மாமா முழுவதையும் இந்த ஆட்டில போடணும்?" சரியான கேள்வி. மூன்று ஆட்டுக்குப் பிரித்தால் இதற்கு 1,000தான் சேரும், இலாபம் 3,500 ஆகும். தராசும் அலுமாரியும் வாங்கிய வருடத்தில் நட்டம் என்று அழுகிற கடைக்காரர்கள் இதைக் கவனிக்கலாம். உம்மாவின் முருங்கைக்குப் போன எருவுக்கு அவன் விலை போடவில்லை. அதை நான் சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாவது கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "காது வெட்டச் சொன்னது நீங்க. விலை குறைஞ்சது 18,000. பாதியை நீங்க தரணும்தானே?"

தங்கை அவனை அதட்டினாள். நான் 9,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். வாங்கி, வருமானப் பக்கத்தில் எழுதாமல் கடைசித் தாளில் 'மாமா தந்த நட்டஈடு' என்று தனியாக எழுதிக் கொண்டான். அந்த ஆகஸ்ட் திருவிழாவுக்கு நான் போன நேரம் வீட்டில் இரண்டு குட்டிகள் கட்டியிருந்தன. இரண்டின் கழுத்திலும் சிவப்பு நைலோன் கயிறு. காதுகள் முழுசாக இருந்தன.