பூனையும் பாலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பூனை என்றவுடன் பாலும், பால் என்றவுடன் பூனையும் நம் நினைவுக்கு வருவது இன்று நேற்று உண்டான பழக்கமன்று. இராமகாதை பாடப் புகுந்த கம்பர், தம் ஆசையின் பெருமையையும் ஆற்றலின் சிறுமையையும் ஒருங்கே சொல்ல விரும்பியபோது, பாற்கடலை முற்றும் நக்கிக் குடித்துவிட முனைந்த பூனையையே அவையடக்கத்தில் உவமையாகக் கொண்டார். தெனாலிராமன் கதையிலோ, எலித்தொல்லை தீர வீட்டுக்கொரு பூனையைக் கொடுத்த அரசர், அதை வளர்ப்பதற்கென்று ஒரு பசுவையும் கொடுத்தார். இத்தனை நீண்ட பரம்பரையுள்ள நம்பிக்கையைப் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமாகாது. பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது உண்மை. பிடித்ததெல்லாம் அதற்கு உரிய ஆகாரம் என்று நாம் முடிவு கட்டிக்கொள்வதில்தான் பிழை பிறக்கிறது. அந்தப் பிழையின் பலனை அனுபவிப்பது வாய் பேசாத ஒரு ஜீவன் ஆதலால், விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது வளர்ப்பவர்களாகிய நம் கடமை.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. அதைச் சிறுகுடலில் உடைத்து ஜீரணிக்கச் செய்வது லாக்டேஸ் என்னும் நொதி. தாயின் மடியை நம்பியிருக்கும் குட்டிக்கு அந்த நொதி தாராளமாகச் சுரக்கிறது. ஏறத்தாழ நான்காவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரத்துக்குள் குட்டி பால்குடி மறந்து மாமிசத்துக்குப் பழகிவிட்டதும், இனித் தேவையில்லை என்று உடம்பே அறிந்ததுபோல, அதன் சுரப்பு படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. வளர்ந்த பூனை ஒரு கிண்ணம் பாலைக் குடித்தால், உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்று நீரை அங்கே இழுத்துக்கொள்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் வயிறு உப்புவதும், இளகிக் கழிவதும் இதனால்தான். எல்லாப் பூனைகளுக்கும் இப்படி ஆகிவிடும் என்று அச்சுறுத்துவதும் மிகையே. நொதியின் அளவு பூனைக்குப் பூனை வேறுபடுவதால், சில பூனைகள் ஆயுள் முழுவதும் சிறிது பாலை யாதொரு துன்பமுமின்றி ஏற்றுக்கொள்கின்றன.

தித்திப்புக்காகவே பூனை பாலை நாடுகிறது என்பது மற்றொரு நம்பிக்கை. பூனையின் நாவு தித்திப்பை அறியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செயலற்றுப்போய்விட்டது என்பதை 2005ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். அதைக் கிண்ணத்தருகே இழுத்து வருவது பாலிலுள்ள கொழுப்பும் அதன் மணமுமே.

இனி, எந்தப் பாலைக் கொடுக்கலாம் என்ற கேள்வி. கொழுப்புக் குறைந்த பால் வயிற்றுக்கு இதமானது என்று எண்ணி, நீல நிறப் பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பாலைப் பூனைக்கென்று தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம் என்பது மெய். ஆனால் இரண்டிலும் பால் சர்க்கரை ஏறக்குறைய 5 சதவீதந்தான். எருமைப்பாலிலும் அப்படியே. ஆட்டுப்பாலில் சற்றே குறைவு என்றாலும், அந்தச் சிறு வித்தியாசம் நொதியற்ற வயிற்றைக் காப்பாற்றப் போதாது. காய்ச்சுவதால் கிருமிகள் மடியுமே தவிரச் சர்க்கரை அழிவதில்லை. ஆகவே கறந்த பாலைக் காய்ச்சித்தான் கொடுக்கவேண்டும் என்றாலும், காய்ச்சியதனால் அது செரித்துவிடும் என்று நம்புவதற்கில்லை. நீர் கலந்து கொடுத்தாலும், ஊற்றிய பாலின் அளவு எதுவோ அதற்குரிய சர்க்கரை முழுவதும் அதில் இருக்கவே செய்யும். தயிர் ஓரளவு மேலானது; உறையும்போது நுண்ணுயிர்கள் சர்க்கரையின் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுகின்றன. லாக்டோஸ் நீக்கிய பால் என்று கடைகளில் விற்பது, முன்கூட்டியே நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை உடைத்துவைத்த பசும்பால். வயிற்றைக் கலக்காது, விலை மட்டும் கூடுதல்.

ஆயினும் வயிறு கலங்குவது இவ்விஷயத்தில் சிறிய தீமையே. பெரிய தீமை, பால் தனக்குரிய இடத்தை விட்டு மாமிசத்தின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வது. முற்காலத்தில் மாட்டுக் கொட்டிலையும் நெற்குதிரையும் காவல் காத்த பூனைக்குக் கறவை வேளையில் கொஞ்சம் பால் கிடைத்தது. அதன் பிரதான ஆகாரமோ எலியும் சுண்டெலியும் ஓணானும் குருவியும். பாலை ஊற்றியவர்கள் கண்ணுக்குப் பால் மட்டுமே தெரிந்தது. இருட்டில் பூனை வேட்டையாடித் தின்றது தெரியவில்லை. இன்று அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில், ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த அறையில் வளரும் பூனைக்குப் பாற்சோறும் தயிர்சாதமும் மட்டுமே வைத்துவிட்டு, நம் பாட்டனார் வீட்டுப் பூனை இதைத்தானே தின்று வாழ்ந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்வது, பாதியை மட்டும் கண்டு முழுமை என்று கொண்டதன் விளைவு.

பூனை மாமிசத்தையே நம்பிப் படைக்கப்பட்ட பிராணி. காரட்டிலும் கீரையிலும் உள்ள சத்தை நம் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்வதுபோல அதன் உடம்பால் மாற்றிக்கொள்ள முடியாது. டாரின் என்னும் சத்தையும் அது தனக்குத் தேவையான அளவுக்கு உண்டாக்கிக்கொள்ள இயலாது. எலியின் தசையிலும் மீனிலும் கோழியின் இதயத்திலும் நிறைந்திருக்கும் அந்தச் சத்து பசும்பாலில் மிக அற்பம், சோற்றில் இல்லவே இல்லை எனலாம். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975இலும், இதயத் தசை தளர்ந்து விரிந்துவிடுகிறது என்பது 1987இலும் அமெரிக்க ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்டன. பாற்சோறு தின்று மாதக்கணக்கில் கொழுகொழுவென்று காணப்படும் பூனை, உள்ளுக்குள் மெல்ல மெல்லப் பார்வையை இழந்துகொண்டிருக்கக்கூடும். மாமிசத்தை வீட்டுக்குள் அனுமதிக்காத குடும்பங்களின் மனச்சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர்களுடைய ஆசாரத்தை மதித்தே சொல்கிறேன், பூனையின் ஸ்வபாவத்துக்கு அந்த ஆசாரத்தைக் கற்பிக்க முடியாது. சமைக்க மனம் இடங்கொடாதவர்கள், எல்லாச் சத்தும் அடங்கிய முழு உணவு என்று உறையில் குறித்துள்ள உலர்ந்த பூனைத்தீவனத்தையாவது வாங்கி வைக்கலாம்.

சிக்கனம் கருதியே பால் ஊற்றுகிறோம் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி வேண்டும். 100 மில்லி பசும்பால் 65 கலோரியைத்தான் தரும். தினம் 100 மில்லி என்றால் மாதத்துக்கு 3 லிட்டர் ஆயிற்று. அவ்வளவு செலவழித்தும் மூன்றில் ஒரு பங்குப் பசியே அடங்குகிறது. அந்தப் பணத்தில் மீன்சந்தையில் மலிவாக விற்கும் மத்தியையோ, கறிக்கடையில் பலரும் வேண்டாமென்று ஒதுக்கும் கோழி இதயத்தையோ வாங்கி, உப்பும் காரமும் இன்றி வேகவைத்து, முள்ளையும் எலும்பையும் நீக்கி, டாரின் கரைந்திருக்கும் அந்த வேகவைத்த நீரையும் சேர்த்துத் தீவனத்தோடு பிசைந்து கொடுத்தால், பூனை அதை ஆவலோடு உண்ணும். தீவனமும் குறைவாகச் செலவாகும். ஈரலை வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவே கொடுக்கவேண்டும், வைட்டமின் ஏ மிகுந்தாலும் கேடு. மீந்துபோன குழம்பு ஒருபோதும் கூடாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிப்பவை.

பால் குடிக்கிற பூனைக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதும் தவறு. பாலைவனப் பூனையின் வழிவந்ததாகையால் தாகம் குறைந்த பிராணி அது. சிறுநீர்த் தடை, குறிப்பாகக் கடுவன் பூனைகளுக்கு, உயிரையே வாங்கும் நோய். நல்ல தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். விஷம் தின்ற பூனைக்குப் பால் ஊற்றினால் விஷம் முறியும் என்பது இன்னும் அபாயமானது, ஏனெனில் மருத்துவரிடம் ஓடவேண்டிய நேரம் அதில் வீணாகிறது. பாலால் வயிற்றில் பூச்சி உண்டாகும் என்பதில் மட்டும் ஒரு விசித்திரமான உண்மைத்துளி இருக்கிறது. பசும்பால் பூச்சியை உண்டாக்குவதில்லை. ஆனால் தாய்ப்பூனையின் உடம்பிலுள்ள உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் அதன் பால்வழியே குட்டிகளுக்குச் செல்கின்றன. அதனால்தான் மூன்று வார வயதிலிருந்தே குட்டிகளுக்குப் பூச்சிமருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

கடைசியாகக் குட்டிகள். வேலியோரத்தில் தனித்துக் கத்தும் குட்டியைக் கண்டவுடன் எடுத்துவந்து பசும்பால் புகட்டுவது நம்மில் பலர் இரக்கத்தால் செய்கிற காரியம். தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கக்கூடும். குட்டிக்கு உடனடி ஆபத்து இல்லையானால், தூரத்தில் நின்று சற்றுநேரம் கவனித்தபிறகே அதைத் தொடவேண்டும். உண்மையிலேயே தாயற்றது என்று தெரிந்தால், முதலில் அதன் உடம்பைச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்துபோன குட்டிக்குச் செரிக்கும் சக்தி இராது. பூனையின் பாலில் புரதம் பசும்பாலைப்போல் இருமடங்குக்கும் மேல். ஆகவே பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, குப்புறக் கிடக்கும் நிலையிலேயே புகட்டவேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு வேளையும் ஈரத்துணியால் அடிவயிற்றையும் மலத்துவாரத்தையும் மெல்லத் துடைத்தால்தான் அது கழிக்கும். மாவின் விலை அதிகந்தான். ஆனால் அது வேண்டியது நாலைந்து வாரங்களுக்கே.

வளர்ந்த பூனை ஆசையோடு கேட்டால் ஒன்றிரண்டு தேக்கரண்டி பால் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் வயிறு சரியாக இருந்தால் எப்போதாவது அவ்வளவே கொடுக்கலாம், இளகினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். குட்டிக்குக் கழிச்சல் கண்டால் மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். உடம்பின் நீர் வற்றி ஓரிரு நாளிலேயே அது இறந்துவிடக்கூடும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே எடுத்துச் செல்லுங்கள்.