மூன்று பந்துதானே!

வணிகச் சகோதரர்களே!

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா ஸ்டேடியத்தில் ஹாக்கிப் போட்டி என்றால் நாம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓடுகிறோம். ஆனால் நம் பிள்ளை விளையாடுவதற்கு ஒரு காற்கவசம் கேட்டால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறோம். இது முறையா என்று சற்றுச் சிந்திப்போம்.

1962 மார்ச்சில் பார்படோஸ் தீவில் இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பந்து தாக்கி மண்டை ஓடு உடைந்தது. மட்டை பிடிப்போர் தலைக்கவசம் அணியும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. பிழைத்தார், ஆனால் டெஸ்ட் ஆட்டம் அத்துடன் முடிந்தது. பின்னர் தமிழ்நாட்டில் டாக்டர் சாண்டி தலையில் பொருத்திய உலோகத் தகடு 2022ல்தான் எடுக்கப்பட்டது.

ராமன் லாம்பாவின் கதை வேறு. 1998 பிப்ரவரியில் டாக்காவில் மட்டைக்காரருக்கு மிக அருகே நின்றார். தலைக்கவசம் வேண்டுமா என்று கேட்டதற்கு, "மூன்று பந்துதானே பாக்கி" என்று மறுத்துவிட்டார். அடித்த பந்து தலையில் பட்டது. மூன்றாம் நாள் மரணமடைந்தார். வயது 38. முன்னவருக்குக் கவசம் இல்லை. இவருக்கு இருந்தும் அணியவில்லை.

நாமும் அவ்வாறே தவறினோம். பழைய தோட்டத்துத் திடலில் ஆடும் எம் மகன் வாய்க்கவசம் கேட்டான். "பெருநாள் வியாபாரம் முடியட்டும்" என்றோம். அதற்குள் பந்து பட்டு முன்பல் போயிற்று. விழுந்த பல்லைத் தேய்க்காமல் பாலில் இட்டு உடனே பல் வைத்தியரிடம் ஓட வேண்டுமென்பதும் அன்று நமக்குத் தெரியாது. மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு செலவாயிற்று; சொந்தப் பல் திரும்பவில்லை.

ஹாக்கிப் பந்தைத் தராசில் வைத்தால் 160 கிராம் அளவு நிற்கும், கல்லைப்போல் கடினம். கோலிக்குத் தலைக்கவசம் கட்டாயம். மற்றவர்கள் கால், கணுக்கால், வாய்க் கவசங்கள் அணியுமாறு விதிநூல் பரிந்துரைக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தலைக்கவசம் 1973லேயே இந்நாட்டில் சட்டமாயிற்று. திடலிலோ தகப்பன் சொல்லே சட்டம்.

சிலர், "அல்லாஹ் காப்பான்" என்பர். உண்மையே. ஆயினும் இரவில் கடையைப் பூட்டாமல் நம்மில் யார் வீடு செல்கிறோம்? பூட்டிய பிறகன்றோ தவக்கல்!

ஆகவே, பிள்ளைக்கு அளவான கவசத்தை இவ்வாரமே வாங்குவோம். பயிற்சி நாளிலும் அணியச் சொல்வோம். ஒரு பந்தே பாக்கி என்றாலும் கழற்ற விடாதிருப்போமாக!