சத்திரக் கருவிகளின் தூய்மையும் அதற்குரிய பயிற்சியும்

சத்திரசிகிச்சை என்றதும் எமது மனக்கண்முன் முதலில் தோன்றுபவர் கத்தியைக் கையிலேந்திய வைத்தியரே. அவருக்குத் துணைநிற்கும் தாதியர் அடுத்துத் தோன்றுவர். ஆனால், நேற்று வேறொருவர் உடலிலே தோய்ந்த அக்கத்தி இன்று எவ்வாறு குற்றமற்றதாயிற்று என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடையாக அமைந்த தொழிலொன்றையும், அதற்கு ஒருவர் பயிற்றப்படும் முறையையும் இக்கட்டுரையிலே ஆராய்வோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர், தாம் வகுப்பறையிற் கற்ற வெப்பவியற் பாடம் இங்கே உயிர்காக்கும் கருவியாவதைக் காண்பர்.

பண்டைநாளிற் சத்திரசிகிச்சையின் பெரும்பகை காயம் அழுகுதலேயாகும். 1847 ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே செமெல்வைஸ் என்னும் வைத்தியர், பிணவறையிலிருந்து வரும் மாணவர் தம் கைகளைக் குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரிற் கழுவிய பின்னரே பிரசவ விடுதியினுட் புகவேண்டுமென விதித்தார். தாய்மாரின் மரணம் பெரிதுங் குறைந்தது. அதே ஆண்டிலேதான், பின்னாளில் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தடைந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். நோய்க்குக் கிருமியே காரணமென்பது அக்காலத்தில் நிலைநாட்டப்படவில்லை.

பாஸ்ரரின் ஆராய்ச்சிகளைக் கற்றுணர்ந்த லிஸ்ரர், 1865 இற் கிளாஸ்கோ நகரிலே, வண்டிச் சில்லேறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனொருவனின் காயத்தைக் காபோலிக்கமிலத்தாற் காத்தார். கால் அழுகாது பிழைத்தது. காயத்திற் புகுந்த கிருமியைக் கொல்வது லிஸ்ரரின் வழி. கிருமியைக் காயத்தை அணுகவே விடாது தடுப்பது அடுத்த தலைமுறையினரின் வழி. அவ்வழிக்கு வேண்டிய கருவியைப் பாஸ்ரரின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த சம்பலான் என்பவர் 1879 இல் அமைத்தார். அதுவே ஓட்டோகிளேவ் என வழங்கும் அமுக்கக்கலமாகும்.

கொதிநீரில் இட்டாற் போதாதோ என மாணவர் வினவலாம். போதாது. சில பற்றீரியாக்கள் தமக்குக் கேடு சூழுங்கால் வித்திகளாக மாறித் தடித்த கவசத்துள் உறங்குகின்றன. இரணசன்னியை விளைவிக்கும் கிருமி இவ்வினத்தது. 100 பாகைக் கொதிநீரில் இத்தகைய வித்திகள் நெடுநேரம் பிழைத்திருக்கக்கூடும். நீராவியை மூடிய கலத்தினுள் அமுக்கத்துடன் அடைப்பின் அதன் வெப்பநிலை உயருகின்றது. வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாகச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 இறாத்தல் அமுக்கத்தில் அது 121 பாகை சதமவளவையாகும். அவ்வெப்பநிலையிற் பதினைந்து நிமிடமும், 134 பாகையில் மூன்று நிமிடமும் பல நாடுகளில் வழங்கும் அளவுகளாம். பொருள் முழுவதும் அவ்வெப்பநிலையை அடைந்த பின்னரே இக்காலம் எண்ணப்படும்.

நீராவியின் ஆற்றல் அதன் மறைவெப்பத்தில் உள்ளது. ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 100 கலோரி வேண்டும். அதனை அவ்வெப்பநிலையிலேயே ஆவியாக்க மேலும் ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். அந்நீராவி குளிர்ந்த இரும்பைத் தீண்டி நீராக ஒடுங்கும்போது அவ்வெப்பம் முழுவதையும் அங்கே சொரிகின்றது. ஈரமும் வெப்பமுஞ் சேர்ந்து கிருமியின் புரதத்தைக் குலைக்கின்றன. ஆயின் கலத்தினுள் வளி தங்கிவிடின் நீராவி அவ்விடத்தை அடையாது. அமுக்கமானி உரிய அமுக்கத்தைக் காட்டினும், வளி தங்கிய மூலையிலே வெப்பநிலை உயராது.

இவ்வுண்மையை மறந்ததன் விளைவை 1972 ஆம் ஆண்டில் இங்கிலாந்து கண்டது. அந்நாட்டின் பிளிமத் நகரத்து வைத்தியசாலையொன்றில், நாளத்தினூடு ஏற்றப்பட்ட குளுக்கோசுக் கரைசலில் கிருமிகள் இருந்தமையால் நோயாளர் ஐவர் உயிரிழந்தனர். அக்கரைசற் போத்தல்கள் முந்திய ஆண்டிலே தொழிற்சாலையொன்றின் ஓட்டோகிளேவில் ஏற்றி இறக்கப்பட்டவையே. ஆயினும் கலத்தின் அடிப்பாகத்தில் வளி தங்கியமையாற் கீழ்த்தட்டுப் போத்தல்கள் உரிய வெப்பநிலையை அடையவில்லை. வெப்பநிலையைப் பதியும் கருவி அதனைக் காட்டவுஞ் செய்தது. பொறுப்பாயிருந்தோர் கருவியே பழுதென எண்ணி அதனைப் பொருட்படுத்தாது விட்டனர். கிளோதியர் என்பவரின் தலைமையில் விசாரணை நடத்திய குழு, கிருமியகற்றுதல் எளிய தொழில், திறனிற் குறைந்தோர் மிகக் குறைந்த மேற்பார்வையிலே செய்யத்தக்கது என்னும் கருத்து முற்றிலும் பிழையானதென அறிக்கையிட்டது. பயிற்சியின் தேவையை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று வேண்டுவதில்லை.

இனி, கருவியொன்று செல்லும் வழியைப் பார்ப்போம். சத்திரசிகிச்சை முடிந்ததும் கருவியிலுள்ள இரத்தம் உலராதவாறு ஈரமாக வைக்கப்பட்டு மூடிய பெட்டியிற் கொண்டுவரப்படும். அழுக்கறையிலே கையுறை, முகக்காப்பு, நீர்புகா மேலங்கி அணிந்த பணியாளர் அதனைப் பெறுவர். மூட்டுள்ளவை திறக்கப்படும், பிரிக்கத்தக்கவை பிரிக்கப்படும், துளையுள்ளவற்றினுள் அளவான தூரிகை செலுத்தப்படும். துளிகள் தெறித்துப் பரவாவண்ணம் தேய்த்தல் நீரின் கீழேயே நிகழும். இப்படி முதலிற் கழுவுவதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த இரத்தத்தின் அடியில் ஒளிந்த கிருமியை நீராவி தீண்டாது. கழுவாத கருவியிலே கிருமியகற்றல் நிகழாதென்பது இத்தொழிலின் முதற் பாடம்.

கழுவிய கருவி தூய அறைக்குச் செல்லும். அங்கிருந்து பின்னோக்கி வருதல் கூடாது. இவ்விதிக்கு ஏற்ப, அழுக்கறையின் வளி தூய அறைக்குட் புகாதவாறு வளியமுக்கமும் அமைக்கப்படும். தூய அறையில் உருப்பெருக்குக் கண்ணாடியால் ஒவ்வொரு பல்லும் மூட்டும் நோக்கப்படும். கத்தரி கூர்மையாக உளதா, இடுக்கி இறுகப் பற்றுகின்றதா எனச் சோதித்துப் பட்டியற்படி தட்டில் அடுக்கிப் பொதி செய்வர். பொதி ஈரமாக வெளிவரின் அது தூயதெனக் கொள்ளப்படாது. ஈரத்தின் வழியே கிருமி உட்புகும்.

எல்லாக் கருவிக்கும் ஒரே முறை பொருந்தாது. பிலதெல்பியாவைச் சேர்ந்த பேராசிரியர் இஸ்போல்டிங் வகுத்த பாகுபாடு இன்றும் வழங்குகின்றது. தசையினுள்ளும் குருதியினுள்ளும் புகுபவை முற்றாகக் கிருமியகற்றப்படல் வேண்டும். மென்சவ்வைத் தீண்டுபவைக்கு உயர்தரத் தொற்றுநீக்கமேனும் வேண்டும். ஊறற்ற தோலை மட்டும் தொடுபவைக்கு அதனிற் குறைந்தது போதும். வெப்பந் தாங்காத கருவிகளுக்கு எதிலீன் ஒட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு ஆகியன பயன்படுகின்றன.

இத்தொழிலுக்குரிய பயிற்சியை ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம். அங்கே உயர்தரப் பாடசாலைக் கல்வியை முடித்தோர் உடலமைப்பு, நுண்ணுயிரியல், கருவிகளின் பெயரும் பயனும், தூய்மையாக்கும் இரசாயனங்கள், பதிவேடு பேணல் முதலியவற்றைக் கற்பர். அங்குள்ள முதன்மையான சான்றிதழொன்றுக்குப் பரீட்சையோடு வைத்தியசாலையில் 400 மணித்தியாலச் செய்முறைப் பயிற்சியும் வேண்டும். சான்றிதழ் பெற்ற பின்னரும் ஆண்டுதோறும் தொடர்ந்து கற்றாலன்றி அது செல்லுபடியாகாது. நியூ யேர்சி மாநிலமே இத்தகைய சான்றிதழை முதலில் விதியாக்கிற்று. நியூயோர்க்கு மாநிலமும் 2013 இற் சட்டமியற்றியது.

ஆயினும் ஏட்டிலும் பரீட்சையிலும் அடங்காத பாடமொன்று உண்டு. தூய்மை கண்ணுக்குப் புலனாகாது. பொதியைத் திறந்து சோதிப்பின் அப்பொதி பயன்படாது போம். பொதியின்மேல் ஒட்டிய நாடா நிறம் மாறுவது அது கலத்தினுட் சென்றுவந்ததைக் காட்டுமேயன்றி, உள்ளிருப்பது தூயதென உறுதிகூறாது. ஆதலின், வெப்பத்தைத் தாங்கும் வித்திகளைப் பொருளோடு உள்ளே வைத்து அவை மாண்டனவா எனப் பார்ப்பர். போவி, டிக் என்னும் இருவர் 1963 இல் வெளியிட்ட சோதனையால், வளி முற்றாக அகன்றதா என நாடோறும் அறிவர். இவையனைத்தும் துணைச்சான்றுகளே. தூரிகை ஒருமுறை செலுத்தப்பட்டதா, இருமுறையா என்பதைச் செய்தவர் ஒருவரே அறிவார்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளி காத்திருக்க, வைத்தியர் விரைவுபடுத்த, பதிவுத்தாளிலே ஐயமொன்று தோன்றுமாயின், “இத்தட்டைத் தரமுடியாது, மீண்டுஞ் செய்யவேண்டும்” எனக் கூறவல்ல துணிவே இப்பயிற்சியின் முடிந்த பயன். பிளிமத் நகரத்து ஐவருக்கும் வாய்க்காது போனது அச்சொல்லே.

எம் கல்லூரி மாணவரிற் பலர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வர விரும்புவது நன்றே. ஆயின் அத்துறைகளிற் புக இடம் சிலருக்கே கிடைக்கின்றது. இடங்கிடையாதோர் மருத்துவத்தின் வாயில் தமக்கு அடைக்கப்பட்டதெனச் சோர்வுறல் வேண்டா. நோயாளி இவர்களின் முகத்தைக் காண்பதில்லை. நன்றி கூறி விடைபெறுவதுமில்லை. ஆயினும் கருவியிலே பிழையிருப்பின் வைத்தியரின் கைத்திறன் முழுவதும் வீணாகும். விஞ்ஞான அறிவும், பொறுமையும், காண்பார் இல்லாவிடத்தும் வழுவாத நேர்மையும் உடைய இளைஞர் இத்துறையை இழிவென எண்ணாது கருத்திற்கொள்ளல் வேண்டும்.